பிள்ளை கையில் வண்டிச் சாவி: சேலத்துப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் நீதிமன்றத்தில் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். என்னிடம் அடிபட்டவர் வீட்டாரும் வருகிறார்கள், அடித்தவர் வீட்டாரும் வருகிறார்கள். மீசை அரும்பாத பையனை முன்னால் விட்டு, பின்னால் அப்பாவும் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு படியேறி வந்தால், என்ன கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படி வந்த குடும்பங்களில் ஒன்று என் சொந்தத் தங்கையின் குடும்பம். அவளிடம் கேட்டுவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றித்தான் சொல்கிறேன்.

பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. கடைக்குப் போய் வரத்தான் வண்டி எடுக்கிறான். அதுவுமா குற்றம்?

குற்றம்தான். பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் உள்ள தெருவும் பொது இடமே. "பதினாறிலேயே எல்.எல்.ஆர். எடுக்கலாமே" என்று ஒரு சித்தப்பா தவறாமல் சொல்வார். அவர் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள இருசக்கர வண்டிக்கு மட்டும் பொருந்தும். இன்றைக்கு அப்படி ஒரு வண்டியைக் கடையில் தேடிப் பாருங்கள். அரிசி மூட்டை ஏற்றுகிற டிவிஎஸ் எக்ஸ்எல் கூட நூறு சிசியை ஒட்டியதுதான்.

மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் வேண்டாம் என்பதும் பாதி உண்மை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. பெட்ரோல் வண்டிக்கு ஈடாகப் பறக்கும் மின்சார வண்டிக்கு, பெட்ரோல் வண்டிக்குரிய சட்டமே.

பிடிபட்டால் தண்டனை அவனுக்கா, எங்களுக்கா?

முதலில் உங்களுக்கு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அவனுடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆர். கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது.

பெற்றோர் சிறை என்ற சொல்லுக்குப் பயப்படுகிறார்கள். பையன்கள் கடைசி வரியைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், ஒருவேளை கல்யாணமே ஆன பிறகும், பின்னால் உட்கார்ந்தே போக வேண்டும் என்று ஒருவனிடம் சொன்னேன். "பொண்டாட்டி ஓட்ட நான் பின்னால் உட்காருவதா?" என்று அதிர்ந்து போனான். அந்தக் கவலையில் வேறு பிழை இருக்கிறது. அதை அவன் அம்மாவிடம் விட்டுவிட்டேன்.

எங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான் என்றால்?

அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் அறிவின்றி நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தீர்கள் என்றோ காட்டினால் தப்பலாம். ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள். உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் வண்டிச் சாவி, கூடவே முருகன் படம் போட்ட சாவிக்கொத்து. "இங்கேதான் எப்போதும் மாட்டுவோம்" என்றார். பையன் காலையில் தங்கையைப் பள்ளியில் விடுவான் என்று அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னார். பையனின் இன்ஸ்டாகிராமில் அந்த வண்டியோடு இருபது படங்கள், அதில் இரண்டுக்கு அப்பாவே விருப்பக்குறி போட்டிருந்தார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று கூண்டில் எப்படிச் சொல்வது?

ஏற்காடு ரோட்டில் போனால் மட்டும் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்? ஊருக்குள் ஓட்டுபவன் மலையில் ஓட்ட மாட்டானா?

ஏறிவிடுவான். ஏறுவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், எஞ்சின் பார்த்துக்கொள்ளும். நான் பார்த்த மலை வழக்குகள் பெரும்பாலும் இறங்கும்போது நடந்தவை.

அடிவாரத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் முந்நூறுக்கும் கீழே. அந்த வித்தியாசம் முழுவதையும் இருபது சொச்சம் கிலோமீட்டரில் இறங்கித் தீர்க்க வேண்டும். ஊருக்குள் ஓட்டிப் பழகியவன் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவான். நாலைந்து வளைவு தாண்டியதும் பிரேக் சூடேறும், கருகல் வாடை வரும், பிடிப்பு குறையும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு அதுவும் இல்லை.

பிறகு வளைவு. பஸ் வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. இதைச் சேலத்துப் பையன்களில் எத்தனை பேரிடம் கேட்டும் எனக்குச் சரியான பதில் வந்ததில்லை. ஹாரன் அடித்தவனுக்கே முதல் உரிமை என்று நினைக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் வளைவின் உள்பக்கம் மண்ணும் சரளையும் இறங்கிக் கிடக்கும். மார்கழியில் பனிமூட்டம். எந்த மாதமானாலும் குரங்குகள். கோடை விழா நேரத்தில் வெளியூர்க் கார்கள் வேறு. குப்பனூர் வழிப் பாதையில் கூட்டம் குறைவு என்று அந்தப் பக்கம் போகிறார்கள். கூட்டம் குறைந்த பாதையில் விழுந்தால் தூக்க வருகிறவர்களும் குறைவு.

ஒரு கணக்கு மட்டும் பையனிடம் போட்டுக் காட்டுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். செல்போனை இரண்டு வினாடி பார்த்தால் 34 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். ஏற்காடு ரோட்டில் இரண்டு வளைவுக்கு நடுவே பல இடங்களில் அவ்வளவு தூரம் நேராகக் கிடையாது. வேகத்தை இரட்டித்தால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இயற்பியல் பாடத்தில் இதற்கு மதிப்பெண் வாங்கியவன்தான் வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறான்.

நல்ல பையன்தான். திடீரென்று ஏன் இப்படி ஓட்டுகிறான்?

என் மருமகனைப் பற்றி, அதாவது தங்கையின் மகனைப் பற்றி, இங்கே சொல்ல வேண்டும். அப்போது அவனுக்குப் பதினேழு. வெளியூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் படித்தான், பதினோராம் வகுப்பு அரையாண்டில் மூன்று பாடத்தில் தோற்றான். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் அப்பா, என் தங்கை மாப்பிள்ளை, அவனிடம் பேசவில்லை. சண்டையும் போடவில்லை, அடிக்கவும் இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து என் தங்கையிடம், "அவனைச் சாப்பிடச் சொல்" என்பார். அவன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

அந்த நான்கு மாதத்தில்தான் வண்டி பழகினான். சைலன்சரை மாற்றினான். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை யார் முதலில் என்று நண்பர்களோடு பந்தயம். சிராய்ப்போடு வந்தால் பேட்மிண்டனில் விழுந்தேன் என்பான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், நானும் பார்த்தேன். வயசுக் கோளாறு என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம்.

வயசுக் கோளாறு என்பதிலும் உண்மை உண்டு. பின்விளைவை எடைபோட்டு ஆசையை அடக்குகிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தனியாக ஓட்டும்போது இருக்கிற நிதானம், பின்னால் ஒரு நண்பன் உட்கார்ந்ததும் போய்விடும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. ஆனால் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், பிடித்த விளையாட்டை விட்டிருந்தால், "எனக்கு என்ன ஆனால் உங்களுக்கென்ன" என்ற பேச்சு வந்தால், அதை வண்டிப் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள். பையன்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையை விடக் கோபமாகவே அதிகம் வெளிப்படும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு லாரிக்கு நடுவே புகுந்து போகிறவன் சில சமயம் திமிரில் போவதில்லை, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று போகிறான்.

சாவியைப் பிடுங்கி வைப்பதா, அவன் மனசைப் பார்ப்பதா? எது முதலில்?

சாவி இன்றைக்கே. மனசுக்கு மாதங்கள் ஆகும். ஒன்று முடிந்துதான் மற்றது என்று காத்திருக்காதீர்கள். "பாவம், ஏற்கெனவே நொந்து போயிருக்கிறான், வண்டியையும் பிடுங்கினால்..." என்று என் தங்கை சொன்னாள். அந்த "பாவம்" எங்களுக்கு என்ன விலை ஆனது என்று கீழே சொல்கிறேன். சாவியை எடுத்துவிட்டுப் பேச்சையும் நிறுத்தினால் அதுவும் உதவாது. அவன் டியூஷனுக்கு எப்படிப் போவான் என்பதற்கு வழி சொல்லிவிட்டு எடுங்கள். டவுன் பஸ் இருக்கிறது. நீங்களே கொண்டுபோய் விட்டால் போகும்போது பதினைந்து நிமிடம், வரும்போது பதினைந்து நிமிடம் அவன் உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பான். முகம் பார்க்காமல் பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடித்தால் திருந்துவானா?

மாட்டான். அடி வாங்கியவன் அன்றைக்கே அதே கோபத்தோடு நண்பனின் வண்டியை எடுத்துக்கொண்டு போவான்.

விபத்து நடந்துவிட்டது என்று போன் வருகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பையன் பேசினால் இரண்டே வாக்கியம்: "108-ஐக் கூப்பிடு. அந்த இடத்தை விட்டு நகராதே." யார் மேல் தப்பு, வண்டி என்ன ஆனது, இதெல்லாம் பிறகு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வந்தால், பக்கத்துக் கடைக்குள்ளோ காவல் நிலையத்துக்கோ போய் நிற்கலாம். ஓடி வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வது வேறு கதை. பிறகு எந்த நீதிமன்றத்திலும் அதை நியாயப்படுத்த முடியாது.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். "நம்மைக் காக்கும் 48" என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். எந்த ஊர்க்காரர் என்று கேட்க மாட்டார்கள். தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. இதை உங்கள் பையனுக்கு மட்டுமல்ல, தெருவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

"நான்தான் ஓட்டினேன்" என்று அப்பா சொல்லிவிட்டால் பையன் தப்பித்துவிடுவானே?

இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. அம்மாவையும் பையனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அப்பா மட்டும் கேட்பார்.

எனக்கு அது தொலைபேசியில் வந்தது. ஞாயிறு மாலை ஆறரை மணி. மருமகன் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கீழ்வளைவு ஒன்றைத் தாண்டி, எஸ்டேட் வேலை முடிந்து சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டான். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் முறிந்துவிட்டது. மாப்பிள்ளை மூச்சு வாங்கப் பேசினார். "மச்சான், வண்டி என் பேரில் இருக்கிறது. உரிமம் இருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது. நான் ஓட்டியதாகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் இல்லையா? பையன் பிளஸ் டூ எழுத வேண்டும்."

நாலு மாதமாக அவனிடம் பேசாத மனிதர், அவனுக்காகச் சிறைக்குப் போகத் தயாராக நின்றார். அதைச் சட்டம் படித்தவனாகக் கேட்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றால், முதலில், நிற்காது. அடிவாரத்திலும் கடைவாசல்களிலும் கேமரா, பின்னால் வந்த காரில் கேமரா, செல்போன் எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது என்ற பதிவு. தூக்கிவிட வந்த நாலு பேர் "சின்னப் பையன்" என்று சொல்வார்கள். பொய் உடைந்தால், சாட்சியத்தை மறைத்தது, பொய்த் தகவல் தந்தது என்று அப்பா மேல் தனி வழக்கு. இன்சூரன்ஸ் நிறுவனத்தை ஏமாற்றியது இன்னொன்று. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்ததும், முந்நூறு சொல் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் தந்ததும் நாட்டுக்கே தெரியும். அதற்குப் பிறகு குடும்பத்துப் பெரியவர்கள் வரிசையாகக் கைதானது, கார் ஓட்டுநரைப் பழியேற்க வற்புறுத்தினார்கள், ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டுகளால். பையனின் வழக்கை விட அந்த வழக்குகள் கனமானவை.

அடுத்தது பையன். ஓட்டியது தான் என்று அவனுக்குத் தெரியும். அப்பா கைது, வேலை போகலாம், ஊர் பேசுகிறது. அவன் ஒன்றும் செய்யாதவனாகப் பள்ளிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டிலும் கெட்ட தண்டனையை எந்த நீதிபதியும் தர முடியாது. இந்தக் காரணத்தை மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் பேசவில்லை. "வைக்கிறேன்" என்றார். அரை மணியில் மகனோடு காவல் நிலையத்தில் நின்றார். வழக்கை நான் எடுக்கவில்லை. சொந்தத்தில் எடுத்தால் புத்தி வேலை செய்யாது. நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன்.

பையனை லாக்கப்பில் போடுவார்களா?

கூடாது. 18 நிறையாதவர்களை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கைவிலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண். ஜாமீன் கொடுப்பதே பொதுவிதி. அவன் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது, ஆகவே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வாயை மூடச் சொல்லுங்கள்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். அம்மாவும் அப்பாவும் சண்டை போடுகிறார்களா, பையன் என்ன படிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்று கேட்பார். அவரை விருந்தாளி போல் உபசரித்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவது நம் வழக்கம். உள்ளதைச் சொல்லுங்கள், அந்த அறிக்கையை வைத்துத்தான் ஆலோசனையா, சமூக சேவையா, சிறுவர்களுக்கான இல்லமா என்று குழுமம் முடிவு செய்கிறது. என் மருமகனுக்கு ஆலோசனையும் சமூக சேவையும் விதித்தார்கள். மாப்பிள்ளைக்குத் தனியாக நீதிமன்றம் கலையும் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

பையனுக்குப் பத்தொன்பது ஆகிறது. அவனுக்கும் இதே சலுகையா?

இல்லை. பதினெட்டு நிறைந்த நாளிலிருந்து அவன் பெரியவன். அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. சிறுவனாக இருந்தபோது செய்த குற்றத்தால் பின்னாளில் வேலைக்குத் தகுதி போகாது என்று இளைஞர் நீதிச் சட்டம் காப்பாற்றுகிறது. பத்தொன்பதில் அந்தக் குடை கிடையாது. பாஸ்போர்ட், அரசு வேலை என்று எதற்கு விண்ணப்பித்தாலும் "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்ற கட்டம் காத்திருக்கும். சைலன்சர், விளக்கு என்று அனுமதியின்றி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோமே, அவர்கள் கொடுத்துவிடுவார்கள் அல்லவா?

அடிபட்டவருக்குப் பெரும்பாலும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்ததற்காக அதே தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள். நீதிமன்றங்கள் இப்படித் தீர்ப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் வண்டியின் சேதத்துக்கு எதுவும் வராது.

தொகை எவ்வளவு என்று யாரும் யோசித்திருப்பதில்லை, ஒரு கணக்கு சொல்கிறேன். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிற முப்பத்தைந்து வயதுக்காரர், மாதம் 20,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2,52,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. வருவது 40,32,000 ரூபாய். ஈமச்சடங்கு, குடும்பத்தின் இழப்பு, வட்டி எல்லாம் இதற்கு மேல். உச்ச நீதிமன்றம் வகுத்த வாய்ப்பாடு இது, நான் மிகைப்படுத்தவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வீடு விற்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் வழக்கில் பெரியவர் பிழைத்தார், காலில் கம்பி வைத்தார்கள், ஏழு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. தொகை சிறியது என்றாலும் தங்கையின் நகைகளில் பாதி இன்னும் வங்கியில் இருக்கிறது.

அடிபட்டவரைப் போய்ப் பார்க்கலாமா? சண்டை வருமா?

வரலாம். ஆனாலும் போங்கள். வக்கீலிடம் சொல்லிவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போங்கள். வழக்கைப் பற்றி, தொகையைப் பற்றி அங்கே ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் சாட்சியைக் கலைக்க வந்ததாக ஆகிவிடும்.

நாங்கள் மூன்றாம் வாரம் போனோம். மருமகன் வர மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு அவனாகவே இறங்கி வந்தான். பெரியவர் மாவுக்கட்டோடு கட்டிலில் கால் நீட்டியிருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். எல்லாம் ஓய்ந்ததும் பெரியவர் பையனைப் பார்த்து, "உனக்கு அடி ஏதும் பட்டதா?" என்று கேட்டார். அவன் முழங்கையைக் காட்டினான். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவ்வளவுதான் பேச்சு. திரும்பும்போது அவன் பின்சீட்டில் சத்தமில்லாமல் அழுதான், மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அடுத்த மாதத்திலிருந்து அவனாகவே பஸ் ஏறி மாதம் ஒருமுறை போய் வந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் வேண்டாம். போனில் பேச 14416, தமிழிலேயே பேசலாம். 104-உம் உண்டு. பிள்ளைகளே கூப்பிட 1098.

சாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும், எழுதி வைத்தாலும், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக விடாதீர்கள்.

பைக் வாங்கித் தராவிட்டால் செத்துவிடுவேன் என்கிறான். என்ன செய்வது?

மேலே சொன்னதைச் செய்யுங்கள், பைக் வாங்கித் தராதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். மிரட்டல் என்று தள்ளவும் கூடாது, மிரட்டலுக்கு வண்டியைக் கூலியாகக் கொடுக்கவும் கூடாது. "உன் உயிரைப் பற்றிச் சொன்னதால் இன்று மருத்துவரிடம் போகிறோம். வண்டியைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். கோபம் வரும், கதவு அறையப்படும். போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் மகள்தான் இப்படி ஓட்டுகிறாள்.

சட்டம் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். "பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால்..." என்று அவளை மட்டும் மறைத்து வைக்காதீர்கள்.

போலீஸ் பிடித்த வண்டியை எப்போது திரும்பப் பெறலாம்?

ஆய்வு முடிந்ததும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், உறுதிப்பத்திரம் வேண்டும். தாமதித்தால் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து டயர் வெடித்துப் போகும். பதிவு ரத்தான 12 மாதம் அதை ஓட்ட முடியாது, உறை போட்டு நிறுத்தலாம்.

மாப்பிள்ளையின் வண்டி அப்படித்தான் வந்தது. முன்பக்க மட்கார்டு நசுங்கியபடியே போர்டிகோவில் நிற்கிறது. மருமகனுக்கு இப்போது இருபத்தொன்று, கல்லூரிக்கு டவுன் பஸ்தான், இன்னும் நான்கு வருடம் அப்படித்தான். வண்டியை விற்றுவிடுங்கள் என்று அவன் சொல்கிறான், மாப்பிள்ளை மாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் இதைப் பற்றி வாரம் ஒருமுறையாவது சத்தம் போட்டுச் சண்டை போடுகிறார்கள் என்று தங்கை போனில் சொன்னாள். நான் இதில் தலையிடவில்லை.